ஞாயிற்றுக்கிழமைப் படகு

பயணத் திட்டம் எழுத எனக்கு ஒரு பேனாவும் ஒரு பென்சிலும் போதும். மாற்ற முடியாததைப் பேனாவால் எழுதுவேன். மற்றதெல்லாம் பென்சில்.

எங்கள் விடுதிக்கு வரும் வெளிநாட்டுக்காரர்கள் பலர் ஊரிலேயே ஒரு திட்டத்தை அச்சடித்துக் கையில் கொண்டு வருவார்கள். அதில் எல்லாமே பேனாதான். செவ்வாய் மண்டலே, புதன் பகான், வெள்ளி ஏரி. எங்கள் பர்மா வெளியாருக்குத் திறந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது. அறைகள் பழைய எண்ணிக்கையில் இருக்கின்றன, ஆட்கள் மூன்று மடங்கு வருகிறார்கள். அந்தத் திட்டம் ரங்கூனில் இறங்கிய மறுநாளே கிழிந்துபோகும். அப்புறம் என் மேசைக்கு வந்து, "ஊ சான் லின், ஏதாவது செய்யுங்கள்" என்பார்கள்.

பழைய நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்துப் பின்பக்கம் திருப்புவேன். முதலில் கடைசி வரியை எழுதுவேன்: விமானத்துக்கு முந்தின இரவு ரங்கூன். பேனாவில் வருவது பெரும்பாலும் அந்த ஒரு வரிதான். அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். எங்கே ஒரு நாள் சும்மா கிடக்கலாம் என்று பார்த்து, அந்த நாளை வெற்றாக விட்டுவிடுவேன். ரயில் தாமதமாகும், பாலம் பழுதாகும், வயிறு கெடும். வெற்று நாள் இருந்தால் அதெல்லாம் அதில் போய் விழும். இல்லாவிட்டால் திட்டத்தின் தலையில் விழும்.

இன்னொரு உபாயமும் வைத்திருந்தேன். எங்கள் நாட்காட்டியில் ஒவ்வொரு மாதத்துக்கும் கிளம்ப நல்ல கிழமைகளும் ஆகாத கிழமைகளும் குறித்திருக்கும். ஆகாத நாளில் வியாபாரி சரக்கு ஏற்ற மாட்டான், குடும்பங்கள் பயணம் தொடங்காது. அதனால் அன்று பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைக்கும், படகில் காலை நீட்டிப் படுக்கலாம். வெளிநாட்டுக்காரர்களுக்கு எல்லாக் கிழமையும் ஒன்றுதானே. அவர்களைத் தேடித் தேடி ஆகாத நாளில் ஏற்றிவிடுவேன். நூறு பேரையாவது அப்படி அனுப்பியிருப்பேன். எல்லோரும் நல்லபடியாகத் திரும்பி வந்தார்கள். இந்த உபாயத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஸின்மா வந்தது மாசியையொட்டி வரும் எங்கள் தபோதுவே மாதத்தில், ஒரு திங்கட்கிழமை மத்தியானம். குட்டையாக வெட்டிய முடி. கடை மடிப்புக் கலையாத புதுக் கைலி. நாற்பதைத் தாண்டியிருக்கும்.

"அறை இருக்கா அண்ணே?"

"இருக்கு தங்கச்சி. ஆனா இது வெளிநாட்டுக்காரங்க தங்குற எடம், டாலர்ல வாங்குவாங்க. உனக்கு எதுக்கு? பின்தெருவுல நம்மாளுங்களுக்குப் பாதி விலைல நல்ல அறை இருக்கு. சொல்லி விடட்டுமா?"

அவள் ஒரு சிவப்புப் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்தாள். நார்வே.

"நான்தான் அண்ணே அந்த வெளிநாட்டுக்காரி" என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். பெயர், நாடு, விசா எண், இதற்கு முன் இரவுகள் தங்கிய இடம், அடுத்துப் போகும் இடம். தினமும் காலையில் இதன் ஒரு படி வட்டார அலுவலகத்துக்குப் போக வேண்டும். பிறந்த ஊர் என்ற கட்டத்தில் அவள் 'தமாகோன்' என்று எழுதினாள். ஐராவதி ஆற்றங்கரையில், மண்டலேக்கும் பக்கோக்கூவுக்கும் நடுவில் இருக்கும் சின்னப் படித்துறை ஊர்.

பணம் கொடுக்கும்போதுதான் முதல் தொல்லை தெரிந்தது. இடுப்பில் கட்டியிருந்த துணிப்பையிலிருந்து டாலர்களை எடுத்தாள். ஒவ்வொரு தாளும் நாலாக மடிந்திருந்தது.

இங்கே டாலருக்கு மடிப்பு ஆகாது. நடுவில் ஒரு கோடு விழுந்தால்கூட மாற்றுபவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார், அல்லது விலையைக் குறைப்பார். வெள்ளைக்காரர்கள் இதைப் படித்துவிட்டுத் தாள்களைப் புத்தகத்துக்குள் வைத்து, குழந்தையைத் தூக்குவதுபோல் கொண்டு வருவார்கள். இவள் நம் ஊர்ப் பெண். தனக்கு எல்லாம் தெரியும் என்று எதையும் படிக்காமல் வந்துவிட்டாள். இவள் ஊரை விட்டுப் போன காலத்தில் டாலரைக் கையில் வைத்திருந்தாலே குற்றம். மடித்து ஒளித்துத்தான் பழக்கம்.

என் மனைவி கின் வேய் அவற்றை வாங்கித் துணிக்கடியில் வைத்து இஸ்திரி போட்டுப் பார்த்தாள்.

"நல்லா வந்திருக்கு, பாருங்க" என்று ஒரு தாளை நீட்டினாள்.

"கோடு தெரியுதே."

"உங்க நெத்தியிலயும்தான் கோடு தெரியுது. அதுக்காக உங்களை நான் திருப்பியா குடுத்துட்டேன்?"

ஸின்மா வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். ஆனால் பாதித் தாள்கள் உதவாமல் போயின. விமானம், வாடகைக் கார் என்ற பேச்சே அதோடு முடிந்தது.

மாலையில் தேநீர்க் குவளையோடு என் மேசைக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். நாட்காட்டித் தாளைத் திருப்பி வைத்துக்கொண்டு, "எங்கெல்லாம் பாக்கணும்?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு ராத்திரி எங்கம்மா பக்கத்துல படுக்கணும் அண்ணே. வேற எதுவும் வேண்டாம்."

பென்சிலைக் கீழே வைத்தேன்.

அவள் தமாகோனை விட்டுப் போனது பத்தொன்பது வயதில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறில். ராணுவ ஆட்சிக்குத் தப்பித் தாய்லாந்து எல்லைக்குப் போகும் ஒரு கூட்டத்தோடு போனாள். அதுவரை ஒரே பாயில், ஒரே போர்வையில் அம்மாவோடுதான் தூக்கம். கிளம்பும் இரவு மட்டும், படிப்பதற்கு என்று சொல்லித் தோழி வீட்டில் படுத்தாள். அம்மா பக்கத்திலிருந்து எழுந்தால் அம்மா விழித்துக்கொள்வாள், விழித்துக்கொண்டால் போக முடியாது. எல்லை, முகாம், நார்வே, முதியோர் இல்லம் ஒன்றில் சமையல் வேலை. இருபத்து மூன்று வருடம் ஓடிவிட்டது. இப்போதுதான் விசா கொடுத்தார்கள். வேலையில் கிடைத்த விடுப்பு பத்து நாள். அடுத்த வாரம் வியாழக்கிழமை விமானம்.

தமாகோனில் அம்மா வீடு இருக்கிறது. அம்மா டோ ஞுன் இருக்கிறார், வயது அறுபத்து மூன்று. அந்த வீட்டில் மகள் இரவு தங்க முடியாது. வெளியூர் உறவினர் தங்கினாலே பெயரை விருந்தினர் பட்டியலில் எழுதி ஊர்த்தலைவரிடம் கொடுக்க வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் என்றால் பட்டியலே கிடையாது; உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்க வேண்டும். தமாகோனுக்கு மிக அருகில் அப்படிப்பட்ட விடுதி இருப்பது மண்டலேயில். பேருந்தும் டிரக்குமாக ஐந்து மணி நேரம்.

"தலைவர்கிட்டக் கேட்டுப் பாத்தா?"

"அவரு பொண்டாட்டியும் எங்கம்மாவும் ஒண்ணா வளந்தவங்க. கேட்டா 'இல்லை'ன்னு சொல்ல மாட்டாரு. அதனாலதான் அம்மா கேக்க மாட்டேங்குது. 'அவரைச் சங்கடத்துல மாட்டி விட்டுட்டு நாம தூங்குறதா'ன்னு கடுதாசில எழுதுது. பகல்ல வந்து பாத்துட்டுப் போன்னுது."

"அப்படியே செய்யலாமே. காலையில மண்டலேல கிளம்பினா அங்க ரெண்டு மணி நேரம் கிடைக்கும்."

"ரெண்டு மணி நேரமும் அம்மா அடுப்படியிலதான் நிக்கும் அண்ணே. எனக்கு அம்மாவைத் தெரியாதா?"

அன்று இரவு உணவின்போது கின் வேயிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "வீடு ஆகாது, விடுதி ஆகாது. வேற எங்கதான் மனுஷங்க படுக்குறாங்க?" என்றேன்.

"நீங்க மத்தியானம் மேசையில படுக்குறீங்க" என்றாள். "எங்கப்பா பாதி ஆயுசு படகுத் தளத்துலதான் படுத்தாரு."

சோற்றுக் கையோடு எழுந்தேன்.

மண்டலேயிலிருந்து பகானுக்கு அரசு மெதுப்படகு ஒன்று வாரம் இருமுறை போகிறது, புதனும் ஞாயிறும். விடியற்காலை கிளம்பும். வழியில் கேட்கிற படித்துறையில் எல்லாம் நிற்கும். வெளிநாட்டுக்காரர் டாலர் கொடுத்தும், நம்மவர் நம் காசான ஜாட் கொடுத்தும், ஒரே தளத்தில் பாய் விரித்துப் படுப்பார்கள். படகில் பயணச்சீட்டு கேட்பார்கள். விருந்தினர் பட்டியல் கேட்பதில்லை, ஏனென்றால் ஆற்றுக்கு வட்டாரத் தலைவர் கிடையாது. மத்தியானம் இரண்டு மணிக்குத் தமாகோன். இரவு பக்கோக்கூவில் கட்டிப்போடுவார்கள், விடிந்ததும் பகான்.

மறுநாள் காலை தாளில் எழுதிக் காட்டினேன். "நீ மண்டலேல ஏறு. அம்மா தமாகோன்ல ஏறட்டும். ராத்திரி பக்கோக்கூ கரையில ஒரே பாய். விடிஞ்சதும் அம்மா அங்கருந்து ஊருக்குத் திரும்பிடும். நீ பகான் போய் ராத்திரிப் பேருந்து புடிச்சா செவ்வாய் காலையில இங்க வந்துடலாம். அப்புறம் ஒரு முழு நாள் சும்மா இருக்கு."

அவள் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தாள். 'ஒரே பாய்' என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்தாள்.

"இது பென்சில்ல இருக்கே அண்ணே."

"ஆறு சம்பந்தப்பட்ட எதையும் பேனாவுல எழுதக் கூடாது தங்கச்சி. மாசியில தண்ணி கொறைவு. மணல் திட்டு இடம் மாறிக்கிட்டே இருக்கும். முன்னால ரெண்டு பேரு மூங்கிலால ஆழம் பாத்துக்கிட்டே போவாங்க. அப்பவும் சில நாள் தட்டிடும். இந்த மாசத்துல வெள்ளைக்காரங்களை நான் படகுல ஏத்துறதே இல்ல."

"தட்டினா?"

"நிக்கும். இழுக்க ஆள் வர்ற வரைக்கும் நிக்கும்."

அவள் யோசித்தாள். "நின்னா நல்லதுதானே?" என்றாள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. அம்மா ஏறிய பிறகு படகு எங்கேயாவது மணலில் தட்டினால் ஓர் இரவு இரண்டாகும். இத்தனை வருடத்தில் மணல் திட்டு வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது அன்றுதான்.

புதன் படகுக்கு நேரமில்லை. அம்மாவுக்குச் செய்தி போக வேண்டும். தமாகோனில் தொலைபேசி கிடையாது. மிங்ஜான் நகரத்தில் ஒரு கடலை மண்டியில் இருக்கிறது. மண்டிக்காரரின் படகு தமாகோனுக்குப் போய் வரும். அதோடு, புதன் படகில் கால் வைக்க இடமிருக்காது. "ஞாயிறு படகு காலியாப் போகும். தளம் முழுக்க உங்க ரெண்டு பேருக்குத்தான்" என்று சொல்லி, மண்டிக்கும் அப்படியே செய்தி சொன்னேன். அந்த ஞாயிறு ஏன் காலி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தேர்ந்தெடுத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்த மண்டியிலிருந்து தொலைபேசி வந்தது. ஸின்மா மாலைப் பேருந்துக்குப் பையைக் கட்டி வைத்துவிட்டு மேசைக்கு அருகிலேயே இருந்தாள். ரிசீவரைக் கையில் வாங்கி, "அம்மா" என்றாள். மண்டியில் கடலை சலிக்கும் ஒலி மட்டும் எனக்கும் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்கள். ஸின்மா ரிசீவரை என்னிடம் நீட்டினாள்.

"திட்டம் எழுதுற ஆளைக் கூப்பிடுன்னுது."

"சொல்லுங்கம்மா" என்றேன்.

"தம்பி, நீ எந்த ஊரு?"

"ரங்கூன்தாம்மா."

"பர்மாக்காரன்தானே? வீட்டுல நாட்காட்டி இல்ல?"

எனக்குப் புரிந்துவிட்டது. மேசையில் கிடந்த தாளைப் புரட்டி முன்பக்கத்தைப் பார்த்தேன். போன வருடத்துத் தபோதுவே மாதம்; ஆகாத கிழமைகள் வருடத்துக்கு வருடம் மாறாது. ஞாயிறும் திங்களும் ஆகாத நாள்.

"இருபத்து மூணு வருஷம் கழிச்சு எம்பொண்ணு வர்றா. அவளைப் பாக்க நான் ஆகாத நாள்ல வாசப்படி தாண்டணுமா? என்னமோ ஆகி அவளை மறுபடி பறிகொடுத்தா நீயா வந்து பதில் சொல்லுவ? அவகூட ஒரு ராத்திரி படுக்க எனக்கும்தான் ஆசை தம்பி. ஆனா நான் வர மாட்டேன். புதன்கிழமைப் படகுல வரச் சொல்லு."

"புதன்கிழமை ஏறினா அவளுக்கு விமானம் போயிடும்மா."

ஸின்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நூறு வெளிநாட்டுக்காரர்களுக்குப் போட்ட கணக்கை இந்தத் தாய்க்கும் போட்டுவிட்டேன். பாஸ்போர்ட்டைப் பார்த்தவன், அம்மா யார் என்று பார்க்கவில்லை.

கின் வேய் உள்ளேயிருந்து வந்து நின்றாள். "இந்தப் பொண்ணும்தானே ஞாயிறு படகுல ஏறுது? அதுக்கு மட்டும் ஆகுமா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"அது இன்னைக்கே கிளம்புதே. வெள்ளிக்கிழமை. கிளம்புற நாள்தான் கணக்..."

அதைச் சொல்லி முடிக்கும் முன்பே விடை என் வாயில் இருந்தது.

"அம்மா, உங்க படித்துறையில சத்திரம் இருக்கா?"

"ஏன் இல்லாம? மரத்தடியில இருக்கு."

"அப்ப நாளைக்கே கிளம்பிடுங்க. சனிக்கிழமைக்கு ஒரு தோஷமும் இல்ல. மூட்டையைக் கட்டி, கதவைப் பூட்டி, புத்தர் முன்னால சொல்லிட்டு சத்திரத்துக்கு வந்து படுங்க. உங்க பயணம் சனிக்கிழமை தொடங்கிடுச்சு. ஞாயித்துக்கிழமை நீங்க கிளம்பல, நடுவழியில இருக்கீங்க."



"கதவைப் பூட்டிட்டா மறுபடி தொறக்கக் கூடாது, இல்ல?" என்றார் டோ ஞுன்.

"கூடாதும்மா. மறந்துட்டேன்னு எதையாவது எடுக்கப் போனா எல்லாம் போச்சு."

"சரி, தமனேயை முன்னாடியே கட்டி எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தமனே என்பது அந்த மாதப் பௌர்ணமிக்கு ஊர்கூடிக் கிண்டுவது. ஒட்டரிசி, எள், கடலை, தேங்காய், இஞ்சி. துடுப்புப் போட்டு நான்கு ஆண்கள் கிண்டினால்தான் பதம் வரும்.

ஸின்மா அன்று மாலை போனாள். சனி கழிந்தது. ஞாயிறு முழுவதும் என்னால் வேலையில் நிலைக்க முடியவில்லை. இரண்டு மணிக்கு, "இப்ப தமாகோன்" என்றேன். "எத்தனை தடவை சொல்லுவீங்க?" என்றாள் கின் வேய். திங்கள் போனது. செவ்வாய் காலை பகான் பேருந்து வரும் நேரம் தெருமுனையில் போய் நின்றேன். ஸின்மா வரவில்லை.

மண்டலேயில் படகுத்துறை அருகே நடைபாதையில் தொலைபேசி மேசை போட்டிருக்கும் ஒருவரை எனக்குப் பழக்கம். அவரைக் கூப்பிட்டேன். "ஞாயிறு படகு மணல்ல தட்டிடுச்சு. தமாகோனுக்கு மேலேயே" என்றார்.

மேலேயே. அதாவது அம்மா ஏறுவதற்கு முன்பே. மணல் திட்டு வேண்டும் என்று ஆசைப்பட்டேனே தவிர, எந்தப் பக்கம் என்று சொல்ல மறந்துவிட்டேன். அம்மா சத்திரத்திலும் மகள் மணலிலுமாக அந்த ஒரே இரவு போயிருக்கும். அன்று நான் யாருக்கும் திட்டம் எழுதவில்லை.

புதன்கிழமை விடியற்காலை கதவு தட்டும் சத்தம். ஸின்மா நின்றாள். முகமெல்லாம் வெயிலில் கறுத்து, கன்னத்தில் மரப்பட்டை அரைத்த தனகா பூசியிருந்தது. அவளாகப் பூசிய பூச்சு இல்லை. விரல்தடம் அகலமாக, குழந்தைக்குப் பூசியதுபோல் காதுவரை போயிருந்தது. கையில் வாழையிலைப் பொட்டலம்.

"அம்மா உங்களுக்குக் குடுத்துச்சு" என்றாள்.

கின் வேய் அவளை உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தாள். அவள் சொன்னது இதுதான்.

ஞாயிறு பதினொரு மணிக்குப் படகு மணலில் ஏறியது. மூங்கில்காரர் இருவரும் ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டார்கள். முன்னும் பின்னும் உறுமிப் பார்த்துவிட்டு இயந்திரத்தை நிறுத்தினார்கள். இழுவைப் படகு நாளைக்குத்தான் என்றார்கள். தமாகோனுக்கு இன்னும் ஒன்பது மைல். அவள் தளத்தில் உட்கார்ந்து அழுதாள். மூன்று வெள்ளைக்காரர்கள் வந்து, பகானை ஒரு நாள் தாமதமாகப் பார்த்தாலும் அழகாகத்தான் இருக்கும் என்று ஆறுதல் சொன்னார்கள்.

இங்கேதான் நான் கணக்கில் சேர்க்காத ஒன்று நடந்தது. படகு மணலில் நின்றால் அந்தச் செய்தி, தண்ணீரைவிட வேகமாகக் கீழே போகும். மீன்காரர்கள் சொல்வார்கள். சுற்றுவட்டாரப் பெண்கள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு வாழைப்பழம், வடை, அவித்த முட்டை என்று விற்க வந்துவிடுவார்கள். நின்ற படகு என்றால் சந்தை. தமாகோன் சத்திரத்தில் உட்கார்ந்திருந்த டோ ஞுன் காதிலும் அது விழுந்தது. அவர் கிளம்பியாகிவிட்டது. கிளம்பியவர் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். கடலைப் படகுக்காரரிடம், "மேலே போற வழியில என்னை எறக்கி விடு" என்றார்.

நாலு மணி வாக்கில் முழங்கால் தண்ணீரில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடையோடு படகைச் சுற்றி நின்று கூவிக்கொண்டிருந்தார்கள். ஸின்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒருத்தி மட்டும் கூவவில்லை. தலையில் மூட்டை. தளத்தில் இருந்த வெள்ளை முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, சீட்டுக்காரரிடம், "இதுல நார்வேக்காரி யாருய்யா?" என்று கேட்டாள்.

"அம்மா, நான் இங்க இருக்கேன்" என்று ஸின்மா மேலேயிருந்து சொன்னாள்.

டோ ஞுன் நிமிர்ந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். "என்னடி இது முடி?" என்றார்.

இதைச் சொல்லும்போது ஸின்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கின் வேய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ராத்திரி?" என்று கேட்டேன். அதுதானே திட்டம்.

"பாய் விரிச்சோம். தமனே சாப்பிட்டோம். அம்மா ஊர்க்கதை எல்லாம் சொல்லுச்சு. என் கால் ஜில்லுனு இருக்குன்னு திட்டுச்சு. படுத்ததும் எம்போர்வை முனையையும் அது போர்வை முனையையும் சேத்து முடிச்சுப் போட்டுச்சு அண்ணே. ஏன்னு நான் கேக்கல. முடிச்சைக் கையில புடிச்சுக்கிட்டே தூங்கிடுச்சு. நான் தூங்கல. அம்மா இப்பக் குறட்டை விடுது. முன்னாடி விடாது."

திங்கள் மத்தியானம் இழுவைப் படகு வந்து மணலிலிருந்து விடுவித்தது. மூன்று மணிக்குத் தமாகோன் படித்துறை வந்தது. பலகை போட்டார்கள். சீட்டுக்காரர், "பெரியம்மா, உங்க ஊரு" என்றார்.

டோ ஞுன் மூட்டைமேல் சாய்ந்தபடி அசையவில்லை.

"இன்னைக்கு என்ன கிழமை?"

"திங்கள்."

"ஆகாத நாளு. எறங்குறதும் ஒரு கிளம்புறதுதான். பொண்ணோட இருக்கும்போது நான் விஷப்பரீட்சை செய்ய மாட்டேன். செவ்வாய் நல்ல நாள். பக்கோக்கூவுல எறங்கிக்கறேன்."

அப்படி இன்னொரு இரவு, பக்கோக்கூ கரையில். மறுபடியும் முடிச்சு. செவ்வாய் விடிந்ததும் முடிச்சை அவிழ்த்தது டோ ஞுன்தான். அவிழ்த்து, போர்வையை மடித்து மகள் பையில் வைத்து, கன்னத்தில் தனகா பூசிவிட்டு, வாழையிலைப் பொட்டலத்தைக் கொடுத்தார். "இதை நாட்காட்டி இல்லாத தம்பிகிட்டக் குடு" என்றாராம். பலகையில் இறங்கும்போது திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் போய் நின்று, படகு மறையும்வரை பார்த்திருக்கிறார்.

நான் தாளை எடுத்துப் பார்த்தேன். நான் விட்டிருந்த வெற்று நாளில்தான் அந்த இரண்டாவது இரவு போய் உட்கார்ந்திருந்தது. பேனாவால் எழுதிய வரியை எதுவும் தொடவில்லை. நாளைக்கு வியாழன், விமானம்.

"வியாழக்கிழமை ரொம்ப நல்ல நாள். தைரியமாப் போய்ட்டு வா" என்றாள் கின் வேய். "அடுத்த தடவையும் தபோதுவேயிலயே வா. தண்ணி கொறைவா இருக்கும்."

விடிந்துவிட்டது. அலுவலகத்துக்குப் படி போக வேண்டும். பதிவேட்டைத் திறந்து அவள் பெயரை மறுபடி எழுதினேன். 'இதற்கு முன் இரவுகள் தங்கிய இடம்' என்ற கட்டம் வந்தது. வெள்ளி பேருந்து. சனி மண்டலே விடுதி. ஞாயிற்றுக்கு வந்ததும் பேனா நின்றது.

"அந்த மணல் திட்டுக்குப் பேரு என்ன தங்கச்சி?"

"நானும் மூங்கில்காரரைக் கேட்டேன் அண்ணே. போன வருஷம் அது அங்க இல்லையாம். மழை வந்தா போயிடுமாம். யாரு பேரு வெப்பாங்கன்னு சிரிச்சாரு."

கொஞ்சம் யோசித்துவிட்டு, 'ஐராவதி' என்று எழுதினேன். திங்கள் கட்டத்திலும் அதையே எழுதினேன். ஸின்மா எட்டிப் பார்த்தாள். எழுதியது பேனாவில் இருந்தது.